கடப்பாரை வேண்டாம்... பேனா எடுத்துட்டு வாங்க!

2015 ஏப்ரல் கடைசி வாரம். நேபாளத்தில் பூகம்பம். சனிக்கிழமை டி.வி.யில் பார்த்த காட்சிகளெல்லாம் திங்கட்கிழமை காலை ஆபீஸில் டீ கிளாஸ்களோடு சேர்ந்து சுற்றி வந்தன. காட்மாண்டுவில் தரஹரா கோபுரம் அடியோடு போனதைப் பற்றி ஒருவர் உச்சுக் கொட்ட, இன்னொருவர் ‘நம்ம ஊர்ல வந்தா என்னாகும்?’ என்று வயிற்றில் புளியைக் கரைக்க, மத்தியானத்துக்குள் வாசலில் ஒரு அட்டைப் பெட்டி முளைத்துவிட்டது. ‘நேபாளத்துக்கு உதவுங்கள்’ என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

சாயந்திரம் எட்டிப் பார்த்தேன். ஒரு கோட்டு. யாரோ தன் கல்யாண ரிசப்ஷனுக்குத் தைத்தது; இப்போது மாட்டினால் பட்டன்கள் நாலு பக்கமும் பறக்கும். ஜிப் போன பேன்ட் மூன்று. அப்புறம் ஒரு ஷூ. ஒன்றே ஒன்று! ஜோடியை மறுநாள் கொண்டுவந்து தருவதாகச் சொன்னாராம் அந்த வள்ளல்.

சிரிக்காதீர்கள். அன்றைக்கு நான் அடித்த கூத்து இதைவிட மோசம்.

“ஒரு வாரம் லீவு போட்டுட்டு நேபாளம் போறேன் சார். இடிஞ்ச பள்ளிக்கூடங்களைத் திரும்பக் கட்டிக் கொடுக்கணும்” என்று செக்ஷன் நடுவில் நின்று அறிவித்தேன். வயசு இருபத்துச் சொச்சம். படிப்பு பி.காம். வாழ்க்கையில் அதுவரை நான் கட்டியது சைக்கிள் கேரியரில் டிபன் பாக்ஸ் மட்டும்தான்.

சூப்பரின்டென்டென்ட் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“தம்பி, உனக்கு மம்பட்டி பிடிக்கத் தெரியுமா?”

“தெரியாது சார்.”

“கலவை போட?”

“...”

“சரி, அவங்க பாஷையாவது தெரியுமா?”

“...”

“அப்ப அந்த ஊர்ல உனக்குச் சோறு போட ஒருத்தர், வழி காட்ட ஒருத்தர், கால்ல கல்லு விழுந்தா தூக்கிட்டுப் போக ரெண்டு பேர். ஆக, நாலு பேருக்கு வேலை வைக்கத்தான் போறே. லீவு லெட்டரை மடிச்சு வெச்சுட்டு வவுச்சரைப் பாருப்பா.”

செக்ஷனே கொல்லென்று சிரித்தது. நான் போகவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி மட்டும் செருப்பில் தைத்த முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. நாற்காலியைத் தேய்க்க மட்டுமே தெரிந்த நம்மைப் போன்ற ஆசாமிகளால் பூகம்பம் வந்த ஊருக்கு உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா, முடியாதா?

முடியும்! இந்த பதிலைத் தேடிப் பிடிக்க நேபாளத்திலிருந்து பதினாலு வருஷம் பின்னால், குஜராத் வரைக்கும் போக வேண்டியிருந்தது. நீங்களும் வாருங்கள்.

மிட்டாய் கொடுத்த காலை

2001 ஜனவரி 26. குடியரசு தினம். நான் பள்ளிக்கூடப் பையன். சட்டைப் பையில் குத்திய காகிதக் கொடி, கையில் ஆரஞ்சு மிட்டாய் என்று வீட்டுக்கு ஓடி வந்ததுதான் ஞாபகம். உங்களுக்கும் ஏறக்குறைய இதே ஞாபகம்தான் இருக்கும்.

அதே காலையில் குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில், அஞ்சார் என்ற ஊரின் குறுகலான தெருக்களில் பள்ளிப் பிள்ளைகள் குடியரசு தின ஊர்வலம் போய்க்கொண்டிருந்தார்கள். மணி 8.46. பூமி ஆடியது. ரிக்டர் அது இதுவென்று பேப்பரில் பல கணக்குகள் வந்தன, 7.7 என்பது இன்றைக்குச் சொல்லப்படும் அளவு. தெருவின் இரண்டு பக்கத்து வீடுகளும் பிள்ளைகள் மேலேயே சரிந்தன. அந்த ஊர்வலத்தில் மட்டும் 185 மாணவர்களும் 20 ஆசிரியர்களும் செத்துப் போனார்கள்.

குஜராத் முழுக்க, அரசுக் கணக்குப்படியே 13,800 பேருக்கு மேல் பலி. இடிந்ததும் விரிந்ததுமாகச் சுமார் 12 லட்சம் வீடுகள். புஜ், பச்சாவ், அஞ்சார், ராபர் என்று நாலு ஊர்களும் நாலு கல்குவியல்கள்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தப் பிள்ளைகளைக் கொன்றது பூமி இல்லை. பூமி வெறுமனே ஆடியது. கொன்றது சுவர். மனுஷன் எழுப்பிய சுவர். இதை மனசில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையின் மிச்சமெல்லாம் அந்த முடிச்சை அவிழ்க்கிற வேலைதான்.

முதல் ஆள் பக்கத்து வீட்டுக்காரர்

சினிமாவில் வருகிற மாதிரி, வெளியூரிலிருந்து ஹீரோ பறந்து வந்து கல்லைப் புரட்டிக் குழந்தையைத் தூக்குவது நிஜத்தில் ரொம்ப அபூர்வம். 1995 ஜனவரி 17-ல் ஜப்பானின் கோபே நகரத்தில் பூகம்பம் வந்து 6,434 பேர் இறந்தார்களே, அங்கே இடிபாட்டிலிருந்து உயிரோடு வெளியே வந்தவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்றியது குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான். நீங்களும் நானும் ரயில் டிக்கெட் வாங்குவதற்குள் அந்தக் கட்டம் முடிந்துவிடும்.

அதற்காக வெளியாள் தேவையே இல்லை என்று அர்த்தமில்லை. கோபேவுக்கு ஒரே வருஷத்தில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் வந்தார்கள். அதில் ஏகப்பட்ட பேருக்கு அதுதான் வாழ்க்கையில் முதல் தொண்டு. ஜப்பான்காரர்கள் 1995-ஐ ‘தொண்டர்களின் முதல் ஆண்டு’ என்றே பெயர் சூட்டிவிட்டார்கள். வந்தவர்கள் செய்ததும் ஹீரோ வேலை இல்லை. மலையாகக் குவிந்த பார்சல்களைப் பிரித்து அடுக்குவது, முகாம்களில் சோறு, தண்ணீர் கொடுப்பது, தனியாக இருக்கும் கிழவர்களுக்குப் பேச்சுத்துணையாக இருப்பது. எல்லாம் எடுபிடி வேலை!

பார்சல் என்றதும் நம்ம ஒற்றை ஷூ ஞாபகம் வந்திருக்குமே? புஜ் பக்கத்து ரோடுகளிலும் பழைய துணி குப்பை குப்பையாகக் கிடந்தது. கட்ச் பெண்களைப் பற்றித் தெரியும் அல்லவா? கண்ணாடிச் சில்லு வைத்துப் பூத்தையல் போடுவதில் உலகத்துக்கே வாத்தியாரம்மாக்கள். அவர்களிடம் போய் ஜிப் போன பேன்ட்டை நீட்டினால்? 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்திலும் இதே கதை. வீட்டைத்தான் இழந்தார்கள், மானத்தை இல்லை. நாம் கழித்துப் போட்டதைக் கொடுத்தால், அதை அள்ளிக் கொட்டுகிற வேலையும் அவர்கள் தலையில்தான் விழுகிறது.

முதலில் மணி அடிக்கட்டும்

சரி, கல்லைப் புரட்டியாயிற்று. அடுத்து என்ன? சோறு, தண்ணீர், கூடாரம். அதற்கு அடுத்து?

பள்ளிக்கூடம்!

“வீடே இல்லாதப்போ பள்ளிக்கூடம் என்ன கேடு?” என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. கொஞ்சம் யோசியுங்கள். அப்பா நிவாரணக் க்யூவில் நிற்க வேண்டும். அம்மா இடிபாட்டில் பாத்திரம் பண்டம் பொறுக்க வேண்டும். பிள்ளைகளை எங்கே விடுவது? தொங்கிக்கொண்டிருக்கும் சுவர்களுக்கு நடுவில் விளையாட விடுவதா? ஒரு கூடாரத்தைப் போட்டு, ஒரு கரும்பலகையை மாட்டி, காலையில் மணி அடித்தால் ஊருக்கே ஒரு நாள் கணக்கு திரும்பி வருகிறது. ‘நாளைக்கும் இருக்கு’ என்று ஒரு நம்பிக்கை. மாமா, அத்தையெல்லாம் சேர்ந்து ‘அழாதே’ என்று நூறு தடவை சொல்வதைவிட, ஒரு வாய்ப்பாட்டை நாற்பது பிள்ளைகளோடு சேர்ந்து கத்துவது ஒரு குழந்தைக்குப் பெரிய மருந்து.

இதைப் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் புனேயைச் சேர்ந்த சாந்திலால் முத்தா. அவருடைய பாரதிய ஜெயின் சங்கடனா என்ற அமைப்பு, 1993-ல் மகாராஷ்டிராவின் லாத்தூரில் பூகம்பம் வந்தபோது சுமார் 1,200 பிள்ளைகளைப் புனேவுக்கு அழைத்துப் போய்ப் படிக்க வைத்தது. 2001-ல் குஜராத்துக்கு வந்தவர்கள், பிள்ளைகளை வெளியூருக்கு அழைத்துப் போவதற்குப் பதிலாகப் பள்ளிக்கூடத்தையே ஊருக்குக் கொண்டுவந்தார்கள். 90 நாளில் 368 பள்ளிக் கட்டடங்கள்! நம்ம ஏரியாவில் ஒரு கால்வாய்க்கு மூடி போட எத்தனை நாள் ஆகிறது என்று கணக்குப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

வேகம் ஜோர்தான். ஆனால் வேகத்தைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. மறுபடி பூமி ஆடினால் அந்தச் சுவர் நிற்குமா?

சுவருக்கு ஒரு பெல்ட்

உங்கள் பேன்ட்டை இடுப்பில் நிற்க வைப்பது எது? அதேதான் சுவருக்கும்.

கட்ச் பக்கத்துப் பழைய வீடுகள் பலவும் கல்லும் மண்ணும். ஒழுங்கில்லாத கல்லை அடுக்கி, நடுவில் மண்ணைப் பூசி, மேலே கனமான கூரை. மேலிருந்து கீழே அழுத்துகிற வரைக்கும் ராஜா மாதிரி நிற்கும். பக்கவாட்டில் ஒரு குலுக்கு குலுக்கினால், நாலு சுவரும் நாலு திசைக்கு விரியும். சுவரிலேயே உள்பக்கக் கல் வரிசையும் வெளிப்பக்கக் கல் வரிசையும் பிரிந்து வாழப்போன தம்பதி மாதிரி தனித்தனியாகச் சரியும். கூரை நேராகத் தலையில்.

இதற்கு வைத்தியம் கோடி ரூபாய் சமாசாரம் இல்லை. அஸ்திவாரத்துக்கு மேலே, ஜன்னல் வாசலுக்கு மேலே, கூரைக்குக் கீழே என்று வீட்டைச் சுற்றிக் கம்பி வைத்த கான்கிரீட் பட்டை போட வேண்டும். நம்ம ஊர்க் கொத்தனார்களும் இதை ‘பெல்ட்’ என்றுதான் சொல்வார்கள். மூலைகளில் நெட்டுக்குத்தாகக் கம்பி. கல் சுவராக இருந்தால் அங்கங்கே உள்பக்கமும் வெளிப்பக்கமும் சேர்த்துப் பிடிக்கிற நீளக் கல். அவ்வளவுதான். பழைய பேப்பர்க் கட்டைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டுகிற அதே புத்தி.

இதையெல்லாம் 1960-களிலேயே இந்தியத் தர நிர்ணயப் புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டார்கள். புத்தகத்தில் இருந்தது, கொத்தனார் கைக்குத்தான் வந்து சேரவில்லை. கட்ச்சின் பன்னி பகுதியில் படிப்பறிவில்லாத முன்னோர்கள் வட்ட வடிவில் கட்டிவைத்த ‘பூங்கா’ வீடுகள் பல, லேசான கூரையோடு இந்தப் பூகம்பத்திலும் தேமேயென்று நின்றன. (பூங்கா என்றால் அங்கே பார்க் இல்லை சார், குடிசை!) மூலையே இல்லாத வீட்டில் மூலை எங்கே விரியும்?

வாத்தியார் வந்தது நேபாளத்திலிருந்து!

அப்படியானால் கொத்தனாருக்கு யார் சொல்லிக் கொடுப்பது? எஞ்சினீயர் வந்து கரும்பலகையில் கோடு போட்டால், முப்பது வருஷமாகக் கரண்டி பிடிக்கிற மேஸ்திரி கேட்பாரா? ‘நீ எத்தனை வீடு கட்டியிருக்கே?’ என்று ஒரே கேள்வியில் மடக்கிவிடுவார்.

இந்த இடத்தில்தான் நான் சொன்ன ஆச்சரியம்.

குஜராத்தின் பாட்டண் மாவட்டத்தில் பாட்டண்கா என்று ஒரு கிராமம். 2001-ல் அதுவும் நொறுங்கிப் போனது. அதைத் திரும்பக் கட்ட ‘ஸீட்ஸ்’ என்ற இந்தியத் தொண்டு அமைப்பு இறங்கியது. கூடவே கை கொடுத்தவர்கள் யார் தெரியுமா? கோபேக்காரர்கள்! ஆறு வருஷத்துக்கு முன்னால் தாங்களே அடி வாங்கிய ஜனங்கள்.

மேஸ்திரிகளுக்குச் சொல்லிக்கொடுக்க நேபாளத்திலிருந்து மேஸ்திரிகளை வரவழைத்தார்கள். அங்கே என்.எஸ்.இ.டி. என்ற அமைப்பு 1990-களின் கடைசியிலிருந்தே பள்ளிக்கூடங்களைப் பூகம்பத்துக்குத் தாங்குகிற மாதிரி பலப்படுத்திக்கொண்டிருந்தது. அந்த வேலையில் கை பழகிய மேஸ்திரிகள் வந்து, குஜராத் மேஸ்திரிகளோடு அதே சாரத்தில் நின்று வேலை செய்து காட்டினார்கள். கரண்டிக்குக் கரண்டி! பாஷை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் தூக்குக்குண்டுக்கு மொழி ஏது?

அதோடு விட்டார்களா? சின்ன அளவில் இரண்டு மாதிரி வீடுகளைக் கட்டினார்கள். ஒன்று பழைய முறை, ஒன்று பெல்ட் போட்டது. இரண்டையும் ஆடுகிற மேடையில் வைத்து, ஊரே பார்க்கக் குலுக்கினார்கள். பழையது டமால்! பெல்ட் போட்டது நின்றது. ஆயிரம் நோட்டீஸ் அச்சடித்து ஒட்டினாலும் வராத நம்பிக்கை, நிமிஷ நேரத்தில் வந்தது.

இப்போது நம்ம 2015-க்குத் திரும்புவோம். ஏப்ரல் 25, மத்தியானம் 11.56. நேபாளத்தில் சனிக்கிழமைதான் வார விடுமுறை. அதனால் ஆயிரக்கணக்கான பள்ளிகள் இடிந்தும், உள்ளே பிள்ளைகள் இல்லை. நாட்டில் சுமார் 9,000 பேர் இறந்தார்கள். அது வெள்ளிக்கிழமையாக இருந்திருந்தால்... வேண்டாம், அந்தக் கணக்கைப் போட வேண்டாம். ஆனால் காட்மாண்டு பள்ளத்தாக்கில் முன்கூட்டியே பலப்படுத்தி வைத்த பள்ளிகள் நின்றன. ஜனங்கள் ராத்திரி தங்க ஒதுங்கியதும் அந்த மாதிரி இடங்களில்தான். மற்ற ஊர்களில் மூங்கிலும் தார்ப்பாயும் வைத்துத் தற்காலிக வகுப்புகள் போட்டு, மே 31-ல் பள்ளிக்கூட மணியைத் திரும்ப அடித்தார்கள். நடுவில் மே 12-ல் இன்னொரு பெரிய ஆட்டம் வந்தும்!

நாற்காலி ஆசாமிக்கு என்ன வேலை?

இத்தனை கதையில் நம்ம ரோல் எங்கே என்கிறீர்களா? வந்துவிட்டேன்.

குஜராத்தில் அரசு ஒரு காரியம் செய்தது. வீட்டைக் கான்ட்ராக்டரை விட்டுக் கட்டி, சாவியை மட்டும் கொடுக்காமல், பெரும்பாலான குடும்பங்களிடம் பணத்தையே கொடுத்து ‘நீங்களே கட்டிக்கொள்ளுங்கள்’ என்றது. ஆனால் பணம் மூன்று தவணை. ஒவ்வொரு கட்டத்திலும் எஞ்சினீயர் வந்து பார்த்து, பெல்ட் சரியாகப் போட்டிருக்கிறதா என்று சான்று கொடுத்தால்தான் அடுத்த தவணை.

பி.காம். மூளைக்கு உடனே என்ன தோன்றுகிறது? பாங்க் அக்கவுன்ட் வேண்டும். சேத மதிப்பீட்டுச் சீட்டு வேண்டும். பட்டா வேண்டும், அதுதான் இடிபாட்டுக்குள் புதைந்து போயிற்றே! பேர் ஒரு பேப்பரில் ஒரு மாதிரி, இன்னொரு பேப்பரில் வேறு மாதிரி. கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டி எந்த கவுன்ட்டருக்குப் போவாள்? ஒரு எழுத்துப் பிழையால் ஒரு குடும்பம் இன்னொரு மழைக்காலத்தைக் கூடாரத்தில் கழிக்க வேண்டியிருக்கும்.

கட்ச் நவநிர்மாண் அபியான் என்ற தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு இதற்காகவே கிராமங்களுக்கு நடுவில் ‘சேது’ மையங்களை வைத்தது. சேது என்றால் அங்கேயும் பாலம்தான். ஊருக்கும் ஆபீசுக்கும் நடுவில் பாலம். எந்த ஊரில் என்ன இடிந்தது, யாருக்கு என்ன வரவில்லை, அரசு என்ன உத்தரவு போட்டது என்று கணக்கெடுத்து இரண்டு பக்கமும் சொல்கிற வேலை. பட்டியல் போடுவது, ஃபாரம் நிரப்புவது, நினைவூட்டுக் கடிதம் எழுதுவது, வரவு செலவை எல்லாரும் பார்க்க எழுதி ஒட்டுவது.

நன்றாகப் பாருங்கள். தினமும் நாம் திட்டிக்கொண்டே செய்கிற அதே வேலை!

மம்பட்டி பிடிக்கிற கை அந்த ஊரிலேயே ஆயிரம் இருக்கிறது. சொல்லப்போனால் அந்த வேலையை நாம் போய் ஓசியில் செய்தால், வேலையிழந்து நிற்கும் உள்ளூர்க்காரரின் கூலியில் கை வைக்கிறோம். செங்கல்லைத் தூக்கியபடி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் லாபம். அந்தச் செங்கல்லைக் கோணலாக வைத்துவிட்டு நாம் ரயிலேறிவிடுவோம். அதன் கீழே உட்கார்ந்து படிக்கப் போவது யார்? அஞ்சாரை மறந்துவிடாதீர்கள்.

ஆகவே, அடுத்த முறை எங்கேயாவது பூமி ஆடி, உங்கள் ரத்தம் கொதித்தால், என்னை மாதிரி கூத்தடிக்காமல்...

* முதல் வாரமே கிளம்பாதீர்கள். பணம் அனுப்புங்கள். டி.வி. கேமராக்கள் மூட்டை கட்டிய பிறகு, மூன்றாம் மாசம் போங்கள். அப்போதுதான் ஆள் பற்றாக்குறை.

* தனியாகப் போகாதீர்கள். அந்த ஊரில் ஏற்கெனவே வேலை செய்கிற அமைப்புக்கு எழுதி, ‘எனக்கு இன்னது தெரியும், தேவையா?’ என்று கேளுங்கள். ‘தேவையில்லை’ என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

* துணி கொடுப்பதானால் புதுசு. அதுவும் அங்கே உள்ளவர்கள் உடுத்துவதா என்று கேட்டுவிட்டு.

* பள்ளிக்கூடம் கட்ட நன்கொடை கேட்டு யாராவது வந்தால், ‘எத்தனை ரூம்?’ என்பதற்கு முன்னால் ‘பெல்ட் உண்டா, மூலையில் கம்பி உண்டா, கட்டுகிற மேஸ்திரிக்குப் பயிற்சி கொடுத்தீர்களா?’ என்று கேளுங்கள்.

* நீங்கள் திரும்பி வந்த பிறகும் அந்த வேலை நடக்க வேண்டும். ஃபாரம் நிரப்ப அந்த ஊர்ப் பெண் ஒருத்திக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தால், அதுதான் நீங்கள் கட்டிய பள்ளிக்கூடம்.

இன்னொன்று. இதெல்லாம் அடுத்த வீட்டுச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். புஜ் பூகம்பத்துக்குப் பிறகு, 2002-ல் நாட்டின் பூகம்ப வரைபடத்தைத் திருத்தியபோது, சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தினார்கள். உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்தின் பெல்ட்டைப் பற்றி, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். மார்க்கைப் பற்றி மட்டும்தான் கேட்க வேண்டும் என்று சட்டமா என்ன?

அஞ்சாரில் அந்தப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் 2022-ல் ஒரு நினைவிடம் திறந்தார்கள். அன்றைக்கு ஊர்வலம் போனவர்களில் பலர் கிட்டத்தட்ட என் வயசுக்காரர்கள். இருந்திருந்தால் இன்றைக்கு ஏதாவது ஒரு ஆபீஸில் டீ டைமுக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சமீபத்தில் அந்தப் பழைய சூப்பரின்டென்டென்ட்டை ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். ரிடையராகி, இன்னும் கொஞ்சம் இளைத்திருந்தார். பந்தியில் பக்கத்தில் இடம் பிடித்து, பத்து வருஷம் கழித்துப் பதில் சொன்னேன்.

“சார், மம்பட்டி பிடிக்க இன்னும் தெரியாது. ஆனா ஃபாரம் நிரப்பத் தெரியும். பூகம்பம் வந்த ஊருக்கு அதுவும் வேணுமாம் சார்.”

பாயசத்தைக் கீழே வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியை அதே பழைய ஸ்டைலில் நெற்றிக்கு ஏற்றினார்.

“அப்படியா தம்பி? ரொம்ப சந்தோஷம். என் பென்ஷனுக்கு லைஃப் சர்ட்டிபிகேட் ஃபாரம் ஒண்ணு ரெண்டு மாசமா நிக்குது. நாளைக்கு வீட்டுக்கு வா. தொண்டை அங்கேர்ந்து ஆரம்பி!”

போயிருந்தேன். பேரில் ஒரு எழுத்துப் பிழை. அதைத் திருத்த மூன்று நடை ஆயிற்று. திரும்பி வருகிற வழியெல்லாம் கட்ச்சின் அந்தப் பாட்டியைத்தான் நினைத்துக்கொண்டேன்.